யுக்கேஜாங்: கொரியாவின் சிவந்த சூப்பை வீட்டில் செய்யும் முழு வழி

காரத்தைச் சொல்லக் கொரியர்களிடம் பல சொற்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டைப் பிரித்தறிந்துவிட்டால் இந்தச் சூப்பின் பாதி வேலை முடிந்துவிடும். ஒன்று 'மேப்தா'. மிளகாயைக் கடித்ததும் நாக்கில் சுள்ளென்று ஏறுகிறதே, அந்தக் காரம். இன்னொன்று 'ஒல்குன்ஹாதா'. சூடான குழம்பைக் குடித்த சற்று நேரத்தில் தொண்டைக்குக் கீழே இறங்கி, நெஞ்சில் பரவி, நெற்றியில் வியர்வையாக அரும்பும் காரம் அது. நாக்கைப் புண்ணாக்காது, உடம்பை இளக்கிவிடும். யுக்கேஜாங்கில் வேண்டியது இந்த இரண்டாவது காரம்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. காரம் நமக்குப் பழக்கமானது என்பதால், கொரியச் சூப் என்றதும் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். நிறம் இருந்தது, எரிச்சல் இருந்தது, சுவை இல்லை. தூள் தண்ணீரில் மிதந்தது; இறைச்சி தனியாக, காய் தனியாக, காரம் தனியாக நின்றது. பிறகு பலமுறை செய்து பார்த்தபின் புரிந்தது: இந்தச் சூப்பின் சிவப்பு தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகிறது. இதன் இனிப்பு சர்க்கரையிலிருந்து வருவதில்லை, கட்டுக்கட்டாகச் சேரும் வெங்காயத்தாளிலிருந்து வருகிறது. கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் சுற்றியே அமைந்திருக்கிறது.

பெயரும் பிறப்பும்

'யுக்' என்றால் இறைச்சி. கொரிய வழக்கில் வெறுமனே இறைச்சி என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. 'கேஜாங்' என்பது பழைய காலத்து நாய்க்கறிச் சூப்பின் பெயர். 1849-இல் ஹோங் சோக்-மோ எழுதிய பருவ வழக்கங்கள் பற்றிய நூலான 'தோங்குக் செசிகி', கோடையின் உச்ச நாட்களில் மக்கள் அந்தச் சூப்பை வெங்காயத்தாள் சேர்த்து வேகவைத்து, மிளகாய்த்தூள் தூவி, சோற்றோடு உண்டதைக் குறிப்பிடுகிறது. நாய்க்கறி உண்ண விரும்பாதவர்கள் அதே முறையில் மாட்டிறைச்சியைச் சமைத்தார்கள். அதுவே யுக்கேஜாங் ஆயிற்று. கோழியில் செய்தால் தக்கேஜாங். பழைய சூப்போ இன்று முடிவை நெருங்கிவிட்டது. நாய்களை உணவுக்காக வளர்ப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடை செய்யும் சட்டத்தைத் தென்கொரிய நாடாளுமன்றம் 2024 ஜனவரியில் நிறைவேற்றியது. 2027 முதல் தண்டனைகள் நடைமுறைக்கு வருகின்றன.

மிளகாயும் அங்கே வந்தேறிதான், நமக்கு வந்ததைப் போலவே. 1614-இல் யி சு-குவாங் தொகுத்த 'ஜிபோங் யுசோல்' என்ற நூல் மிளகாயை ஜப்பான் வழியாக வந்த பொருளாகப் பேசுகிறது. ஆகவே இந்தச் சூப் இன்றுள்ள சிவப்பை அடைந்தது அதற்குப் பின்னர்தான்.

இதை உண்ணும் காலங்கள் இரண்டு. ஒன்று 'சம்போக்' எனப்படும் கோடையின் மூன்று நாட்கள்: ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு வரை பத்து அல்லது இருபது நாள் இடைவெளியில் வருபவை. வெப்பத்தை வெப்பத்தால் வெல்வது என்ற பொருளில் 'இ-யோல்-சி-யோல்' என்பார்கள். கொதிக்கும் சூப்பைக் குடித்து வியர்த்துவிட்டு 'ஷிவொன்ஹாதா' என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'குளிர்ச்சியாக இருக்கிறது' என்பது! சித்திரை வெயிலில் சூடான மிளகு ரசம் குடித்தவர்களுக்கு இது புரியாமல் போகாது.

மற்றொன்று சாவு வீடு. இன்றும் கொரிய மருத்துவமனைகளை ஒட்டிய இறுதிச்சடங்குக் கூடங்களில் துக்கம் விசாரிக்க வருபவர்களுக்குப் பெரும்பாலும் யுக்கேஜாங்கும் சோறும்தான் வைக்கிறார்கள். சிவப்பு தீயவற்றை அண்டவிடாது என்ற பழைய நம்பிக்கையை ஒரு காரணமாகச் சொல்வார்கள். சமையல் தெரிந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் தெரியும்: பெரிய அண்டாவில் ஒரே தடவை வைத்துவிட்டு, இரவு பகலாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தாலும் சூடாக்கிச் சூடாக்கிப் பரிமாறலாம். கொதிக்கக் கொதிக்க இந்தச் சூப் கெடுவதில்லை, தேறுகிறது. வீட்டில் செய்யும்போதும் இந்தக் குணத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பொருட்கள்

நான்கைந்து பேருக்கான அளவு இது. மேசைக்கரண்டி என்பது 15 மில்லி.

கொழுப்பு இழையோடிய மாட்டு நெஞ்சுக்கறி, ஒரே துண்டாக: 600 கிராம்
தண்ணீர்: 3 லிட்டர்
சாறு கொதிக்க: பெரிய வெங்காயம் 1, வெள்ளை முள்ளங்கி 200 கிராம், பூண்டு 6 பல், மிளகு 10
வெங்காயத்தாள்: 400 கிராம்
நீளமாக முளைத்த பாசிப்பயறு: 250 கிராம்
சிப்பிக் காளான்: 200 கிராம்
உலர்ந்த கோசாரி (பெரணித் தளிர்): 30 கிராம்
உலர்ந்த சேப்பந்தண்டு 20 கிராம், அல்லது பச்சையாக 150 கிராம்
கொரிய மிளகாய்ச் செதில் (கோச்சுகாரு): 5 மேசைக்கரண்டி
வாசனையில்லாத சமையல் எண்ணெய்: 2 மேசைக்கரண்டி
தட்டிய பூண்டு: 2 மேசைக்கரண்டி
சூப்புக்கான சோயா சாறு: 3 மேசைக்கரண்டி
வறுத்த எள்ளிலிருந்து எடுத்த எண்ணெய்: 1 மேசைக்கரண்டி
உப்பு, மிளகுத்தூள், விருப்பமானால் முட்டை 2, சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ் 60 கிராம்

பட்டியல் நீளமாகத் தெரியலாம். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை இறைச்சி, வெங்காயத்தாள், மிளகாய், பூண்டு, சோயா சாறு ஆகிய ஐந்து மட்டும். மற்றவை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதற்காகச் சமையலைத் தள்ளிப்போட வேண்டாம்.

மிளகாயைத் தேர்ந்தெடுப்பது

கோச்சுகாரு என்பது விதைகளில் பெரும்பகுதியை நீக்கி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகாய். நம் மிளகாயைவிடக் காரம் குறைவு, இனிப்பு கூடுதல், நிறம் ஆழம். கொரியப் பொருட்கள் விற்கும் கடைகளில் இதை வாங்கலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கொரியக் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அவர்களுக்கான மளிகைக் கடைகளும் இருக்கின்றன. இணையத்திலும் கிடைக்கிறது. வாங்கும்போது மாவாக அரைத்ததை விட்டுவிட்டுச் செதிலாக இருப்பதைப் பாருங்கள். மாவு அரைப்பு, கோச்சுஜாங் எனப்படும் புளித்த மிளகாய் விழுது செய்வதற்கு உரியது.

கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய் வற்றல் நல்ல மாற்று. காம்பையும் விதையையும் நீக்கி, ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி ரவை பதத்துக்குப் பொடித்துக்கொள்ளுங்கள். பியாட்கி மிளகாயும் பொருந்தும். குண்டூர் மிளகாயோ சாதாரண நீட்டு மிளகாயோ இந்த அளவில் சேர்த்தால் வாயில் வைக்க முடியாது. அளவைக் குறைத்தால் நிறமும் உடலும் கிடைக்காது. குழம்பு மிளகாய்த்தூளை அறவே தொடாதீர்கள். அதில் மல்லி இருக்கிறது. ஒரு கரண்டி விழுந்தாலும் சூப் சால்னாவின் பக்கம் சாய்ந்துவிடும்.

அதேபோல் கோச்சுஜாங் விழுதும் இதற்கு வேண்டாம். கொரியச் சமையல் என்றதும் அந்தச் சிவப்புப் பெட்டியைத் திறக்கத் தோன்றும். அதில் அரிசி மாவும் இனிப்பும் உண்டு. சாறு தடித்து, மந்தமாகி, எல்லாக் கொரிய உணவும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற எண்ணம்தான் மிஞ்சும். யுக்கேஜாங்கின் சாறு சிவப்பாகவும் அதே சமயம் தெளிவாகவும் இருக்க வேண்டும்.

சோயா சாறும் எள் எண்ணெயும்

சூப்புக்கென்றே கொரியர்கள் வைத்திருக்கும் 'குக் கான்ஜாங்' நிறத்தில் வெளிறியது, உப்பில் கூடியது. வேகவைத்த சோயாவை இடித்துக் கட்டியாக்கி, புளிக்கவிட்டு, உப்புநீரில் ஊறப்போட்டு, பல வாரங்கள் கழித்துத் திரவத்தை வடித்தால் இந்தச் சாறு; எஞ்சிய திப்பிதான் தோயென்ஜாங் விழுது. இப்படிச் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் சாறு, விழுது வகைகளுக்கு 'ஜாங்' என்று பொதுப்பெயர். அவற்றைத் தயாரிக்கும் மரபை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீட்டில் இருப்பது சாதாரண சோயா சாறு என்றால் ஒன்றரை மேசைக்கரண்டி மட்டும் சேர்த்து, மிச்சத்தை உப்பால் நிரவுங்கள். மூன்று கரண்டியும் அதையே ஊற்றினால் சாறு பழுப்பாகி இனிக்கும்.

எள் எண்ணெயில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைச் செக்கில் ஆட்டி எடுப்பது. கொரியர்களின் 'சம்கிரும்' எள்ளை நன்கு வறுத்தபின் பிழிவது. இரண்டும் எள்தான், மணம் வேறு. வறுத்த எண்ணெய் கிடைக்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, நுணுக்கி, கடைசியில் தூவிக்கொள்ளலாம். என் நாவுக்கு அது நல்லெண்ணெயைவிட நெருக்கமாக இருக்கிறது.

முதல் நாள் இரவு: ஊறவைக்க வேண்டியவை

கோசாரி என்பது ஒருவகைப் பெரணியின் இளந்தளிர். பச்சையாக நஞ்சுள்ளது, ஊறவைத்து, வேகவைத்து, நீரை மாற்றி மாற்றி அலசித்தான் உண்ண வேண்டும். உலர்ந்ததை இரவு முழுவதும் தண்ணீரில் போடுங்கள். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் அரை மணி நேரம் வேகவைத்து, அடுப்பை அணைத்து, ஆறும்வரை அதிலேயே விடுங்கள். பிறகு அந்த நீரையும் கொட்டி, இரண்டு மூன்று முறை அலசுங்கள். நுனியைக் கிள்ளினால் நார் இல்லாமல் அறுபட வேண்டும். அறுபடாத அடித்தண்டுகளைக் கழித்துவிடுங்கள்.

சேப்பந்தண்டுக்கும் இதே முறைதான். சேப்பங்கிழங்கைக் கொரியாவில் 'தோரான்' என்கிறார்கள். மண்ணின் முட்டை என்று பொருள். தண்டை உரித்துக் காயவைத்துச் சேமித்து, சூப்புகளில் போடுகிறார்கள். சேம்பு நாக்கை அரிக்கும் என்பதும், நம் வீடுகளில் அதைப் புளியோடு சமைப்பது அதற்காகவே என்பதும் தெரிந்ததுதான். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் தொண்டையில் குத்துவதால் வரும் அரிப்பு அது. இந்தச் சூப்பில் புளி கிடையாது. ஆகவே கொதிக்கும் நீரில் இருபது நிமிடம் வேகவைத்து, நீரைக் கொட்டி, இரண்டு மணி நேரம் புதிய நீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுங்கள். பச்சைத் தண்டை உரிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஒரு துணுக்கை மென்று பார்த்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, அரிப்பில்லை என்றால் மட்டும் சூப்பில் சேருங்கள்.

இரண்டும் கிடைக்காதவர்கள் சிப்பிக் காளானை இரட்டிப்பாக்குங்கள். நார்நாராகப் பிய்த்த காளான், நார்நாராகப் பிய்த்த இறைச்சியோடு இயல்பாகக் கலந்துகொள்ளும்.

பாசிப்பயற்று முளை என்றதும் சுண்டலுக்கு முளைகட்டும் குட்டை முளையை எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே வேண்டியது விரல் நீள வெள்ளைத் தண்டு. வீட்டிலேயே வளர்க்கலாம்: எட்டு மணி நேரம் ஊறிய பயற்றை அடியில் துளையுள்ள பாத்திரத்தில் பரப்பி, ஈரத்துணியால் மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தண்ணீர் ஊற்றி வடியவிட்டால் நான்கைந்து நாளில் தயாராகும். பறித்த அன்றே பயன்படுத்திவிடுங்கள், மறுநாளே வாடி நாற்றமெடுக்கும். இதற்குக் கொரியாவில் 'சுக்ஜு' என்று பெயர். 15-ஆம் நூற்றாண்டில் இளம் மன்னன் தாஞ்ஜோங்கைக் கைவிட்டு, அரியணையைக் கைப்பற்றிய செஜோவின் பக்கம் சேர்ந்துகொண்ட அறிஞர் சின் சுக்-ஜுவின் பெயரை, எளிதில் கெட்டுவிடும் இந்த முளைக்கு மக்கள் இட்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது.

சாறு: அவசரப்படக் கூடாத இரண்டு மணி நேரம்

இறைச்சியைக் குளிர்ந்த நீரில் 40 நிமிடம் மூழ்கவிட்டு, ஒருமுறை நீரை மாற்றி, இரத்தம் வடியவிடுங்கள். பிறகு 3 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, அதில் முழுத் துண்டையும் போடுங்கள். மேலே சாம்பல் நிறத்தில் நுரை திரளும். அதைக் கரண்டியால் வழித்து எறியுங்கள். பத்து நிமிடம் பக்கத்திலேயே நின்று இதைச் செய்தால்தான் சாறு தெளியும். நுரை அடங்கியதும் வெங்காயம், முள்ளங்கி, பூண்டு, மிளகு ஆகியவற்றைச் சேர்த்துத் தீயைக் குறையுங்கள். மேற்பரப்பு அங்கங்கே நெளிய வேண்டும், துள்ளக் கூடாது. துள்ளிக் கொதித்தால் கொழுப்பும் நீரும் ஒன்றாகக் கலந்து சாறு கலங்கிவிடும்.

நெஞ்சுக்கறி வேக இரண்டு மணி நேரம் ஆகும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது எருமை இறைச்சியாகவோ வயதான மாட்டின் இறைச்சியாகவோ இருந்தால் இரண்டரை, மூன்று மணி நேரம்கூட எடுக்கும். குக்கரில் வைக்கலாம், முதலில் திறந்த நிலையில் நுரையை எடுத்துவிட்டு மூடி, முதல் விசிலுக்குப் பின் தீயைத் தணித்து 40 நிமிடம் வையுங்கள். நேரம் மிச்சமாகும், சாறு சற்றுக் கலங்கலாகத்தான் வரும். ஓய்வான நாளில் செய்வதென்றால் திறந்த பாத்திரத்தையே நான் விரும்புவேன். முள்ளங்கியை மட்டும் முக்கால் மணி நேரத்தில் வெளியே எடுத்து, தடித்த சதுரங்களாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சூப்பிலேயே சேர்க்கலாம்.

முட்கரண்டி எதிர்ப்பின்றி இறங்கினால் இறைச்சி வெந்துவிட்டது. எடுத்து ஆறவிடுங்கள். சாற்றை வடிகட்டுங்கள், ஏறத்தாழ 2 லிட்டர் இருக்கும், குறைந்தால் வெந்நீர் சேர்த்து நிரப்பலாம். மேலே மிதக்கும் கொழுப்பிலிருந்து ஒரு மேசைக்கரண்டி தனியே எடுத்து வையுங்கள். இந்தக் கொழுப்பை எறிந்துவிடுபவர்கள் சூப்பின் உயிரையே எறிகிறார்கள்.

ஆறிய இறைச்சியைக் கத்தியால் வெட்டாதீர்கள். நாரின் போக்கில் கையால் பிய்த்து, சுண்டுவிரல் நீள இழைகளாக்குங்கள். பிய்த்த பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் மிளகாயும் சாறும் அதில் தங்கும். தேகு நகரத்து முறையில் இறைச்சியைப் பெரிய துண்டுகளாகவே விட்டு, வெங்காயத்தாளையும் முள்ளங்கியையும் நிறையச் சேர்ப்பார்கள். அந்த நகரம் இந்தச் சூப்புக்குப் பேர்போனது. பிய்த்துப் போடுவது தலைநகர் சியோலின் வழக்கம்.

காய்களைக் கொதிநீர் காட்டுதல்

அகலமான பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து உப்புப் போடுங்கள். முளையை ஒரு நிமிடம், பிய்த்த காளானை ஒரு நிமிடம், ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய வெங்காயத்தாளை அரை நிமிடம் என்று தனித்தனியாகப் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசிப் பிழியுங்கள். கொரியாவின் 'தேபா' நம் வெங்காயத்தாளைவிடப் பல மடங்கு தடிமனானது. லீக் எனப்படும் தடித்த தண்டுள்ள வெங்காய வகை கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். கொதிநீர் பட்டதும் தாளின் வழவழப்பும் நெடியும் போய், இனிப்பு மட்டும் நிற்கும். 400 கிராம் என்பது மலைபோலத் தெரியும். தயவுசெய்து குறைக்காதீர்கள், வெந்தால் ஒரு கைப்பிடிதான். பாதியை இப்போதே மசாலாவில் சேர்ப்போம், பாதியைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு எடுத்து வைப்போம். முதல் பாதி கரைந்து சாற்றுக்கு இனிப்பைத் தரும். இரண்டாம் பாதி பல்லில் அகப்படும்.

மிளகாய் எண்ணெய்: ஒரு நிமிடத்து வேலை

முழுச் சமையலிலும் கவனம் மிகவும் தேவைப்படும் இடம் இது. மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் அவை சரியாக இறங்குவதில்லை. அதனால்தான் தூளை நேரே சாற்றில் போட்டால் துகள் துகளாக மிதந்து நாக்கைக் குத்துகிறது. எண்ணெயில் இறங்கிய காரமோ ஒவ்வொரு வாயிலும் மெல்லப் படிந்து, மெல்ல இறங்குகிறது. 'ஒல்குன்' என்ற அந்த உணர்வு இங்கேதான் பிறக்கிறது.

அதே சமயம் மிளகாயில் சர்க்கரை இருப்பதால் கண் இமைக்கும் நேரத்தில் கருகும். அடி கனமான பாத்திரத்தில் எண்ணெயையும் எடுத்து வைத்த மாட்டுக்கொழுப்பையும் சேர்த்து, மிகச் சிறு தீயில் வையுங்கள். ஒரு செதிலைப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் சிறு குமிழ்கள் மெதுவாக எழுந்தால் சூடு சரி. செதில் உடனே கறுத்தால் பாத்திரத்தை இறக்கி ஆறவிடுங்கள். சூடு சரியானதும் 3 மேசைக்கரண்டி மிளகாய்ச் செதிலைப் போட்டு, கைவிடாமல் கிளறுங்கள். முப்பது நொடியில் எண்ணெய் செம்பவளம்போல் மாறும். வீட்டில் இனிமையான வறுத்த மணம் எழும், தும்மல் வராது. ஒரு நிமிடத்துக்குள் அடுப்பை அணைத்து, இரண்டு கரண்டி சாற்றை ஊற்றி வேகத்தைத் தணியுங்கள். நெடி ஏறித் தும்மல் வந்தாலோ நிறம் பழுப்பானாலோ அதைக் கொட்டிவிட்டு மீண்டும் செய்யுங்கள். கருகிய மிளகாயின் கசப்பை எந்தப் பொருளாலும் மறைக்க முடியாது. மூன்று மணி நேர உழைப்பைவிட மூன்று கரண்டி மிளகாய் பெரிதல்ல.

பிசைந்து ஊறவிடுதல்

பெரிய பாத்திரத்தில் இறைச்சி இழைகள், கோசாரி, சேப்பந்தண்டு, காளான், முளை, வெங்காயத்தாளில் பாதி ஆகியவற்றைப் போடுங்கள். மிளகாய் எண்ணெய், மீதமுள்ள 2 மேசைக்கரண்டி செதில், தட்டிய பூண்டு, சோயா சாறு, எள் எண்ணெய், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசையுங்கள். காய்கறிகளை இப்படிக் கையால் மசாலாவோடு பிசைவது கொரியச் சமையலறையில் அன்றாட வேலை. கரண்டியால் கிளறினால் இழைகளின் இடுக்குகளில் மசாலா புகாது. காஷ்மீரி மிளகாய் பயன்படுத்தியவர்கள் ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்த்துக்கொள்ளலாம். இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். இந்தக் கலவையில் ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள்: உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தால் சரி, சாறு சேரும்போது சமமாகிவிடும்.

கொதிக்கவிடுதல்

கலவையைக் கனமான பாத்திரத்துக்கு மாற்றி, சாற்றை ஊற்றிக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பாதி மூடி 30 நிமிடம் விடுங்கள். மேலே சிவந்த எண்ணெய் வட்டவட்டமாகத் திரளும். வெட்டி வைத்த முள்ளங்கியையும் மீதி வெங்காயத்தாளையும் சேர்த்து மேலும் 10 நிமிடம். உப்பை இப்போதுதான் சரிபார்க்க வேண்டும். காரம் போதவில்லை என்று தோன்றினாலும் உடனே மிளகாயைச் சேர்க்காதீர்கள். ஐந்து கவளம் உண்டபின் முடிவு செய்யுங்கள். இது பிந்தி ஏறும் காரம்.

நம் கை தானாகத் தேடும் சில பொருட்கள் உண்டு: தக்காளி, கறிவேப்பிலை, மஞ்சள், கடைசியில் ஒரு தாளிப்பு. இந்த ஒரு தடவை அவற்றை விலக்கி வையுங்கள். வெங்காயத்தாளின் இனிப்பு மென்மையானது; தக்காளியின் புளிப்பும் கறிவேப்பிலையின் மணமும் அதை மூடிவிடும்.

முட்டை சேர்ப்பதானால் அடித்து, கொதிக்கும் சூப்பின் மேல் வட்டமாக ஊற்றி, அரை நிமிடம் தொடாமல் விட்டுப் பின் ஒரே ஒருமுறை கிளறுங்கள். காரம் சற்றுத் தணியும். குழந்தைகளுக்கு இது ஏற்றது. கண்ணாடி நூடுல்ஸைத் தனியே ஊறவைத்து வேகவைத்து, பரிமாறும் கிண்ணத்தில் போட்டு மேலே சூப்பை ஊற்றுங்கள். பாத்திரத்தில் போட்டால் அது சாற்றையெல்லாம் குடித்துவிடும்.

கோழியிலும் காளானிலும்

தக்கேஜாங்குக்கு 1.2 கிலோ எடையுள்ள முழுக் கோழி போதும். கறிக்கோழி என்றால் 45 நிமிடத்தில் வெந்துவிடும். இறைச்சியைப் பிய்த்தெடுத்து, எலும்புகளை மீண்டும் சாற்றில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவையுங்கள். நாட்டுக்கோழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஆகும். சாறு அருமையாக இருக்கும். மாட்டுக்கொழுப்புக்குப் பதில் கோழிக்கொழுப்பைப் பயன்படுத்துங்கள். மற்றதெல்லாம் அதே வழி.

இறைச்சியே இல்லாமல் செய்வதும் கொரியாவில் இருக்கிறது, பெயர் சேகேஜாங். உலர்ந்த ஷிடாகே காளானையும் கடற்பாசித் தகட்டையும் ஊறவைத்த நீரே அதற்குச் சாறு. கடற்பாசியைக் கொதி வந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழவழக்கும்.

பரிமாறுதல், மறுநாள் சூடாக்குதல்

பாஸ்மதி இதற்குப் பொருந்தாது. பொன்னிப் பச்சரிசியைச் சற்றுக் குழைவாக வடித்து, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முதலில் சூப்பை மட்டும் நாலைந்து கரண்டி குடித்துவிட்டு, பிறகு சோற்றை அதில் கவிழ்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் முள்ளங்கியைச் சதுரமாக வெட்டிப் புளிக்கவைத்த 'கக்துகி' இருந்தால் சிறப்பு.

மீந்த சூப்பை நன்கு ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். முட்டையும் நூடுல்ஸும் சேர்க்காதது என்றால் உறைநிலையில் ஒரு மாதம் இருக்கும். மறுநாள் சூடாக்கும்போது அரைக் கோப்பை வெந்நீர் விட்டு, புதிதாக ஒரு பிடி வெங்காயத்தாளை நறுக்கிப் போட்டு, சிறு தீயில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். முதல் நாள் மேலே மிதந்த சிவந்த எண்ணெய் இப்போது இறைச்சி இழைகளுக்குள் இறங்கியிருக்கும். முளைகள் துவண்டு சாற்றோடு சாறாகியிருக்கும். என் வீட்டில் சூப்பைச் செய்வது சனிக்கிழமை மாலை, விருந்தினரை அழைப்பது ஞாயிறு மதியம்.